ஏழாம் குழாயின் நாலாம் துண்டு

ஏரி மண்ணின் காந்தத்தை அளக்கும் அந்தக் கூடத்துக்குள் இரும்போடு நுழைய யாருக்கும் அனுமதி கிடையாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சாவிக்கொத்து, பெல்ட், கைபேசி, கொண்டை ஊசி, சட்டையில் குத்திய ஊக்கு எல்லாம் அதில் விழுந்தாக வேண்டும். ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். கூட வந்தவர்கள் எல்லாரும் கண்ணைக் காட்டியும் மூடியக்கா மசியவில்லை. பெல்ட்டை வாங்கித் தட்டில் வைத்த பிறகுதான் கதவைத் திறந்தாள். பாவம், அந்த மனிதர் அரைமணி நேரம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே விஞ்ஞானம் கேட்டுவிட்டுப் போனார்.

மூடியக்கா என்று ஒரு பெண்ணுக்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். அது வேலை கொடுத்த பெயர். இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அது இழுத்து மூடப்பட்டதும் இந்தக் கூடத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டாள். நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த இளம் விரிவுரையாளர், "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். மண்ணைப் பற்றியோ காந்தத்தைப் பற்றியோ அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் தெரிந்ததைச் சொன்னாள்.

"மூடி போடத் தெரியும் சார். கோணாம, மாறாமப் போடுவேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "அதுதாங்க எங்களுக்கு வேணும்" என்றார். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம். அவர் பேராசிரியராகி, தலை நரைத்து, போன வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டார். அவள் இன்னும் மூடிதான் போடுகிறாள்.

அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. ஏரியின் நடுவில் மிதவையைக் கட்டி நிறுத்தி, நீளமான குழாயை அடிமண்ணுக்குள் இறக்குவார்கள். வெளியே இழுத்தால் ஆறு மீட்டர் மண் உள்ளே இருக்கும். மேலே இருப்பது நேற்றைய மண், அடியில் இருப்பது பல்லாயிரம் வருஷத்து மண். ஆறு மீட்டரை எந்த வண்டியிலும் ஏற்ற முடியாது. ஆகவே மிதவையிலேயே வைத்து மீட்டர் மீட்டராக ரம்பத்தால் அறுத்து, மேல் முனைக்கு நீல மூடி, கீழ் முனைக்குச் சிவப்பு மூடி போடுவார்கள். அறுத்து வைத்த துண்டில் எது தலை, எது கால் என்று அந்தத் துண்டைப் பெற்ற ஏரிக்கே தெரியாது. மூடி சொல்வதுதான் சாட்சி.

அதனால் ஒரு விதி உண்டு. மூடப் போகிறவர் மேல் முனையைத் தொட்டு "மேல்!" என்று கூப்பிட வேண்டும். கூட இருப்பவர் தன் கண்ணால் பார்த்து "மேல்!" என்று பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டதற்கு ஒரு டிக், பதிலுக்கு ஒரு டிக், நோட்டில் விழும். எழுதுவது பென்சிலால் மட்டுமே. ஈரம் பட்டால் மை கலைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகு குழாயை ஒரு வளையத்துக்குள் மெல்லத் தள்ளுவார்கள். மண்ணில் இரும்புத்துகள் எவ்வளவு இருக்கிறது என்று வளையம் எண்ணில் சொல்லும். பெருமழை பெய்து மலை கரைந்து வந்த வருஷங்களில் எண் ஏறும். ஏரி சும்மா கிடந்த வருஷங்களில் இறங்கும். எண்களை வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏரியில் எங்கே குழாய் இறக்கினாலும் அதே மேடு பள்ளங்கள் அதே வரிசையில் வரும். ஒரு குழாயில் இரண்டு மீட்டரில் இருப்பது இன்னொன்றில் மூன்று மீட்டரில் இருக்கலாம். இரண்டும் ஒரே காலத்து மண் என்று கோட்டை வைத்துச் சொல்லிவிடலாம்.

படித்தவர்கள் அந்த மேடுகளுக்கு எண் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு எண் மனதில் நிற்காது, பெயர்தான் நிற்கும். பெரிதாக, யாருக்கும் வளையாமல் நிற்கும் மேடு மாமியார். அதற்குக் கீழே இரட்டைப்பிள்ளைகள், அண்ணன் உயரம், தம்பி குட்டை. அதற்கும் கீழே ஓட்டை விழுந்த ஒரு மேடு, சொத்தைப்பல். முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். பிறகு பேராசிரியரே, "மாமியார் எத்தனையில வர்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒளிபுகும் தாளில் கோட்டை வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு குழாயின் தாளை ஏற்றி இறக்கிப் பொருத்துவாள். கணினி வந்து பத்து நிமிஷத்தில் செய்கிற வேலையை இவள் ஐந்து நிமிஷத்தில் முடிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதற்காக ஒரு மனுஷி இருபத்தாறு வருஷம் குளிர்அறையில் ஸ்வெட்டரோடு நிற்பாள்?

ஏழாம் குழாய் எடுத்தது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில். அன்று காற்று பிய்த்துக்கொண்டு போனது. மிதவையில் இவளும் விரிவுரையாளரும், கயிறு பிடிக்கிற படகோட்டியும் மட்டும். மூன்று துண்டு வரைக்கும் கூப்பிடுவதும் பதிலும் ஒழுங்காக நடந்தன. நாலாவதை அறுத்ததும் விரிவுரையாளருக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. ஓரமாக ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீர்ப்பக்கம் தொங்கப் போட்டவர்தான், காலை உணவில் ஆரம்பித்து ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மிதவை சாய்ந்தது. நாலாம் துண்டு கடகடவென்று பலகைமேல் சுழன்று உருண்டு போனது. அவள் பாய்ந்து காலால் தடுத்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எது மேல் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தது என்றுதான் நினைத்தாள். "மேல்!" என்று கூப்பிட்டாள். ஓரத்திலிருந்து ஓங்கரிப்புச் சத்தம்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மண் ஒழுகிக்கொண்டிருந்தது, கை விறைத்துக்கொண்டிருந்தது. தானே கூப்பிட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு மூடியை அழுத்தினாள்.

ஓர் ஆசிரியர் ஏரியில் வாந்தி எடுத்த கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் பருவத்தில் வளைய எந்திரம் பழுதாகிக் கிடந்தது. ஏழாம் குழாயை அளக்காமலே நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியிலிருந்து சின்னச் சின்னக் கட்டிகளாக எடுத்து வேறொரு கருவியில் வைத்தார்கள். அந்தக் கருவி சொல்வது வேறு சங்கதி. மண்ணில் படியும்போது ஒவ்வோர் இரும்புத்துகளும் குட்டித் திசைகாட்டி ஊசிபோல அன்றைய வடக்கைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். நாலாம் துண்டில் அத்தனை ஊசிகளும் தலைகீழாகப் படுத்திருந்தன. பூமியின் காந்தம் கொஞ்ச காலத்துக்குக் குப்புற விழுந்து எழுந்திருக்கிறது என்று விரிவுரையாளர் எழுதினார். அந்த ஒரு கட்டுரைதான் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. அவர் அதற்குப் பிறகு அதே ஏரியின் மற்றக் குழாய்களிலும் எத்தனையோ ஏரிகளிலும் அதைத் தேடினார், வேறெங்கும் அகப்படவில்லை. புழுக்கள் மண்ணைக் கிளறி ஊசிகளைக் கலைத்திருக்கும் என்பார். மீந்த பாதியை மெழுகுத்தாள் சுற்றி, அதே நிறம் பார்த்து மூடி, சாட்சி என்று எழுதிக் குளிர்அறையில் வைத்தார். அதை யாரும் தொடக் கூடாது என்பது அவர் கட்டளை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மண்டபத்திலேயே ஒரு மாநாடு நடந்தது. அக்கா பின்வரிசையில் நின்று திரையில் படம் ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர் நிபுணர் ஒருவர், நெட்டை மனிதர், எழுந்து மிகவும் பணிவாகக் கேட்டார்: "உங்க பூமி சரியா ஒரே ஒரு மீட்டருக்குத்தான் தலைகீழா நின்னுச்சுங்களா? குழாய்த் துண்டும் ஒரு மீட்டர்தானே?"

மண்டபமே சிரித்தது. பேராசிரியரின் காது சிவந்துவிட்டது.

"அதோ பின்னாடி நிக்கிறாங்களே, அவங்கதான் அதை மூடினது" என்றார். "ஆயிரக்கணக்குல மூடி போட்டிருக்காங்க. ஒண்ணுகூட மாறினதில்லை. அன்னைக்கு அவங்க கூப்பிட்டாங்க, நான் பதில் சொன்னேன். நோட்டுல ரெண்டு டிக்கும் இருக்கு. என் பேச்சை நம்பாட்டிப் போங்க, அவங்க கையை நம்புங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, எல்லாரும் தட்டினார்கள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்காகக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். அவர் பதில் சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. காற்றில் கேட்காமல் போயிருக்கும் என்று அந்த இடத்திலேயே மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கைதட்டல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் வேறு விதமாக நினைக்கத் தோன்றும்?

ஓய்வு பெற்ற பிறகும் புதன்கிழமை தவறாமல் பேராசிரியர் வந்துவிடுவார். போன புதன் வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த மாதம் ஒரு பெரிய சபையில் அந்தத் தலைகீழ்க் காலத்தைப் பற்றியே தனி உரை ஆற்றக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒரு நல்ல படம் வேணும்மா" என்றார். "ஏழாம் குழாயை வளையத்துல விட்டு ஒரு கோடு எடுத்துக் குடுங்க. இனிமே அதைப் பொத்திப் பொத்தி வெச்சு என்ன பண்ணப் போறோம்?"

திங்கட்கிழமை காலை அவள் ஏழாம் குழாயை எடுத்தாள். முதல் மூன்று துண்டும் ஆறாம் குழாயோடு ஒட்டிப் பிறந்ததுபோல் பொருந்தின. நாலாம் துண்டில் தடுக்கியது. முதலில் சொத்தைப்பல் வந்தது. பிறகு ஒரு குட்டை மேடு, அதற்குப் பிறகு ஓர் உயர மேடு. கடைசியாக, துண்டின் அடியில், மாமியார். பழகின தெருவில் எதிர்முனையிலிருந்து நடந்து வந்தால் எல்லா வீடும் இருக்கும், ஆனால் எதுவோ சரியில்லை என்று தோன்றும். அப்படித்தான் இருந்தது. தம்பி அண்ணனுக்கு முன்னால் நின்றான்.

தாளை எடுத்து, தலையைக் காலாகப் புரட்டி, கண்ணாடியில் ஆறாம் குழாயின்மேல் வைத்தாள்.

ஒரு மயிரிழை பிசகவில்லை. மூன்றாம் துண்டு முடிகிற எண் நாற்பத்தொன்று. புரட்டி வைத்த நாலாம் துண்டு தொடங்குவதும் நாற்பத்தொன்று. அது முடிவது பதினெட்டில், ஐந்தாம் துண்டு தொடங்குவதும் பதினெட்டில். பூமி குப்புற விழவே இல்லை. அவள் துண்டைத்தான் குப்புற மூடியிருந்தாள்.

அவள் உட்கார இடம் தேடினாள். அங்கே நாற்காலி கிடையாது, நாற்காலியில் இரும்பு உண்டு. தரையிலேயே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். எதற்கும் பதறாத மனிதர்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. படம் நல்லா வரலைன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும். வேற யார் அதைத் தொடப் போறாங்க?"

"அப்ப சொல்லாம விட்டுடலாம்."

"எப்படிங்க விடறது? அடுத்த மாசம் அவ்வளவு பேர் முன்னாடி நின்னு பேசப் போறாரு. சொன்னா அவர் பேர் போச்சு. சொல்லலைன்னா என்னால முடியலையே."

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஒருநாள் நினைப்பு எங்கேயோ இருந்து வண்டியை வேற ரூட்டுல விட்டுட்டேன். நினைவிருக்கா? ஒருத்தர்கூட வாய் திறக்கலை. டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும்னு பேசாம உக்காந்திருந்தாங்க. ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் நானே எந்திரிச்சு, தப்பாயிடுச்சுங்க, திருப்பிடறேன்னு சொன்னேன். கத்தினாங்கதான். சொல்லாம இருந்திருந்தா டெப்போ வரைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"நீங்க ரெண்டு ஸ்டாப். நான் இருபத்தாறு வருஷம்."

"அப்ப கொஞ்சம் அதிகமாக் கத்துவாங்க" என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு தடவை அளந்தாள். கோடு மாறவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தாள். எல்லாம் அவருடைய கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிக். நாலுக்கும் இரண்டு டிக். ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. அவர் பார்த்திருக்கிறார், பதில் சொல்லியிருக்கிறார், அப்படியானால் தப்பில் பாதி அவருடையது.

நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பக்கம் முழுக்கப் பென்சில். நாலாம் துண்டின் இரண்டாவது டிக் மட்டும் நீல மை.

மிதவைக்கு யாரும் பேனா கொண்டுபோனதில்லை. அது கரைக்கு வந்த பிறகு, உடம்பெல்லாம் காய்ந்த பிறகு, மேஜையில் உட்கார்ந்து போட்ட டிக். அவள் நோட்டை மூடினாள். இதைப் பற்றி வாயே திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்தாள். தப்பாக மூடியது தன் கை. அந்த மனிதர் இருபத்தாறு வருஷக் கட்டுரையை இழக்கப் போகிறார், மானத்தையும் சேர்த்து எதற்காகப் பிடுங்க வேண்டும்?

புதன்கிழமை பேராசிரியர் வந்தார். பெல்ட்டையும் சாவியையும் தானாகவே தட்டில் போட்டார். ஜன்னலில் இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! பத்துப் பொருத்தமும் இருக்கே. கீழே இருக்கிறது ஆறு. மேலே எதும்மா?"

"ஏழு சார்."

"பார்த்தீங்களா, எவ்வளவு அழகா..." அவர் விரல் கீழிறங்கி நாலாம் துண்டின்மேல் நின்றது. தாளின் ஓரத்தில் அவள் எழுதியிருந்த எண்கள் அங்கே மட்டும் தலைகீழாக இருந்தன.

"நாலாவதைத் திருப்பி வெச்சிருக்கேன் சார்" என்றாள். "மூணு தடவை அளந்துட்டேன். நான்தான் மாத்தி மூடிட்டேன். தப்பு முழுக்க என்னோடது. நீங்க என் கையை நம்பினீங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பேராசிரியர் ஜன்னலுக்கு இன்னும் அருகில் போனார். விரலால் மாமியாரைத் தொட்டார், அண்ணனைத் தொட்டார், தம்பியைத் தொட்டார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடினாற்போல் இருந்தது அவர் முதுகு.

"நோட்டு எங்கேம்மா?"

"அது எதுக்கு சார்?"

"எடுங்க."

எடுத்துக் கொடுத்தாள். அவர் பக்கத்தைத் தேடவில்லை. நோட்டு தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. அதற்கு முன்னால் எத்தனை தடவை அவர் அதைத் திறந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதைப் பார்த்தீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பார்த்திருப்பீங்க. நீங்க பார்க்காம விடுவீங்களா?" என்றார். "அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டீங்க. நான் திரும்பவே இல்லை. வேலைக்கு வந்து நாலு நாளான பொண்ணு முன்னாடி வாந்தி எடுத்தேன்னு வெக்கம். கரைக்கு வந்ததும் பேனாவை எடுத்து இதைப் போட்டேன். ஒரு டிக்தானேன்னு நினைச்சேன்." விரலால் அந்த டிக்கைத் தேய்த்தார். "அந்த நெட்டை மனுஷன் கேட்டப்ப இந்த டிக்தான் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அன்னைக்கே நான் ஒத்துக்கிட்டிருக்கணும். உங்களை முன்னாடி நிறுத்தி நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் உங்களுக்குக் கைதட்டினாங்க. நான் நிம்மதியா உக்காந்தேன்."

"சார், மாத்தி மூடினது நான்தானே?"

"நான் திரும்பிப் பார்த்திருந்தா நீங்க அப்படி மூடியிருக்க மாட்டீங்களே."

அவர் தரையில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். உரையைக் கைவிடப் போகிறாரா என்று கேட்டாள். இல்லை என்றார். அதே உரைதான், தலைப்பு மட்டும் மாறும், ஒரு மீட்டர் மண் எப்படி ஒரு மனிதனை இருபத்தாறு வருஷம் அலைக்கழித்தது என்று சொல்வாராம். முதல் கடிதம் அந்த நெட்டை நிபுணருக்குப் போகும். "ஆமாங்க, சரியா ஒரே மீட்டர்தான்னு ஒரு வரி போதும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

பிறகு இரண்டு பேருமாக எழுந்து குளிர்அறைக்குள் போனார்கள். அவள் நாலாம் துண்டை மேஜையில் வைத்து, நீல மூடியையும் சிவப்பு மூடியையும் கழற்றினாள். இத்தனை நாள் சிவப்பு இருந்த முனையில் கையை வைத்தாள்.

"மேல்!" என்று கூப்பிட்டாள்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். தாளைப் பார்த்தார், மறுபடி மண்ணைப் பார்த்தார். "மேல்" என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"காத்துல கேக்கலை சார்" என்றாள் அவள்.

அந்த அறையில் ஜன்னல்கூடக் கிடையாது.

"மேல்!" என்று கத்தினார் அவர். அவள் நீல மூடியை வைத்து, கோணாமல் அழுத்தினாள். நோட்டில் டிக் போட அவருக்குப் பென்சிலைக் கொடுத்தாள்.